பூட்டுத்திரையும் திருடனும்: வீட்டுக் கணினியில் பூட்டப்பட்டிருப்பது எது?

(றிச்மண்ட் ஹில்லில் பெற்றோருக்கும் இளையோருக்கும் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



யங் வீதியிலுள்ள கடைத்தொகுதி ஒன்றின் தரிப்பிடத்தில் நிற்கும் வாகனத்தின் கண்ணாடி உடைக்கப்படுகிறது. பின்னிருக்கையிற் கிடந்த பை மறைந்துவிடுகிறது. பிஞ்ச் நிலையத்தை நோக்கிச் செல்லும் விவா பேருந்தில் களைத்து உறங்கிய மாணவி கண்விழிக்கும்போது, காலடியில் இருந்த மடிக்கணினி அங்கே இல்லை. அற்கின்சன் வீதியிலுள்ள மத்திய நூலகத்தில் மேசையிற் கணினியை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து செல்பவருக்கும் இது நேரலாம். இழப்பை அறிந்த வீட்டில் முதலிற் சொல்லப்படும் ஆறுதல் பெரும்பாலும் ஒன்றுதான்: "பரவாயில்லை, பாஸ்வேர்ட் போட்டுத்தானே இருந்தது."

அந்த ஆறுதலில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதே இன்றைய உரையின் பொருள்.

அதற்கு முன்னர், புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பமொன்றின் கணினிக்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது. வருமான வரிப் படிவங்கள், சமூகக் காப்புறுதி எண், வீட்டுக்கடன் பத்திரங்கள் ஆகியன எந்தக் கனேடியக் குடும்பத்தின் கணினியிலும் இருப்பவை. தமிழர் கணினியில் அவற்றுக்கு மேலாகவும் சில உண்டு. ஊரில் உள்ள காணியின் உறுதி, அம்மம்மாவின் பிறப்புச் சான்றிதழ், பொறுப்பேற்று அழைப்பதற்காக அனுப்பப்பட்ட குடிவரவுக் கோப்பு, கடவுச்சீட்டுகளின் படப்பிரதிகள். சில வீடுகளில், அகதிக் கோரிக்கைக்காக எழுதப்பட்ட விபரமும் இருக்கும். 2012 டிசம்பர் வரை தனிப்பட்ட தகவல் படிவம் என்றும், அதன் பின்னர் கோரிக்கைக்கான அடிப்படைப் படிவம் என்றும் வழங்கும் அந்தத் தாள்களில், கோரிக்கையாளரின் துன்பம் மட்டும் எழுதப்படுவதில்லை. ஊரில் இன்னும் வாழும் சகோதரரின் பெயர், உதவி செய்தவர்களின் பெயர், தங்கியிருந்த வீடுகள் யாவும் அதில் இருக்கும். குடிவரவு அகதிகள் சபை அவற்றை இரகசியமாகப் பேணுகிறது. ஆனால் வீட்டு மடிக்கணினியில் 'ஆவணங்கள்' என்ற உறைக்குள் கிடக்கும் பிரதியை யார் பேணுவது? கணினியின் விலை சில நூறு டொலர். அந்த உறையின் விலையைச் செலுத்த வேண்டியவர் கனடாவிலேயே இல்லாமலும் இருக்கலாம்.

இனி, பூட்டுத்திரை என்பது என்ன? கணினி விழித்ததும் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டு நிற்கும் அந்தத் திரை, இயங்குதளத்தின் ஒரு நிரல் மட்டுமே. சரியான சொல்லைக் கொடுக்காதவரை அது உள்ளே விடாது. ஆனால் அது காவல் செய்வது இயங்குதளத்தின் வாசலை. கோப்புகள் வாழும் வன்தட்டை அன்று. மறைகுறியாக்கம் செய்யப்படாத வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்தால், அந்தத் தட்டுக்குப் பூட்டுத்திரை என்று ஒன்று இருந்ததே தெரியாது. தட்டைக் கழற்றாமலே, யூஎஸ்பி குச்சியில் உள்ள வேறோர் இயங்குதளத்தால் அதே கணினியைத் தொடக்கினாலும் பல இயந்திரங்களில் அதே விளைவுதான். இதற்குக் கடவுச்சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. எட்டு எழுத்தாயினும் எண்பது எழுத்தாயினும் வேறுபாடில்லை. அந்தச் சொல்லை யாரும் கேட்பதே இல்லை. பழுதுபார்க்கும் கடைகளில், பழுதான கணினியிலிருந்து வாடிக்கையாளரின் படங்களை மீட்டுக் கொடுப்பதும் இதே வழியிற்றான். வேலியே இல்லாத வளவுக்குப் படலையை மட்டும் இறுக்கிப் பூட்டி வைத்திருப்பது போன்ற நிலை இது.

மூத்தவர்களுக்கு விண்டோஸ் 95, 98 காலம் நினைவிருக்கும். அன்று தொடக்கத்திற் கடவுச்சொல் கேட்கும் சிறு பெட்டியை இரத்துப் பொத்தானை அழுத்தியே தாண்டிவிடலாம். அது பாதுகாப்புக்காக அமைக்கப்பட்ட பெட்டியன்று. வலையமைப்பில் யார் என்று அறிவதற்கும், ஒருவருக்கு ஒருவர் வேறான அமைப்புகளைக் காட்டுவதற்குமே அது இருந்தது. அதன் பின் வந்த இயங்குதளங்களில் வாசல் உண்மையிலேயே இறுகியது. வேலிதான் நெடுங்காலம் வரவில்லை.

இந்த வேறுபாட்டை ஒன்ராறியோ மாகாணம் ஒரு திருட்டினூடாகக் கற்றுக்கொண்டது. 2007 ஜனவரியில், ரொறன்ரோவின் 'சிக் கிட்ஸ்' சிறுவர் மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர் ஒருவர், ஆய்வு வேலையை வீட்டிற் செய்வதற்காக மடிக்கணினியை எடுத்துச் சென்றார். நிறுத்தப்பட்டிருந்த வாகனத்திலிருந்து அது திருடப்பட்டது. அதில் ஏறத்தாழ 2,900 நோயாளரின் மருத்துவத் தகவல்கள் இருந்தன. கணினிக்குக் கடவுச்சொல் இருந்தது, மறைகுறியாக்கம் இருக்கவில்லை. அன்றைய ஒன்ராறியோ தகவல், தனியுரிமை ஆணையாளர் ஆன் கவூக்கியன் விசாரணை நடத்தி, அதே ஆண்டு மார்ச்சில் கட்டளை ஒன்றை வெளியிட்டார். கடவுச்சொல் மட்டும் போதிய காவல் அன்று என்பதும், இன்னாரென அடையாளம் காட்டும் மருத்துவத் தகவலை மறைகுறியாக்கம் செய்யாமல் கையடக்கக் கருவியில் வெளியே கொண்டு செல்லலாகாது என்பதும் அதன் சாரம்.

கவனிக்க வேண்டியது என்னவெனில், அந்தத் திருடன் தகவலைத் தேடி வந்தான் என்பதற்கு எந்தச் சான்றும் தேவைப்படவில்லை. அவன் கணினியைத் திறந்தே பார்க்காமல் விற்றிருக்கலாம். ஆனாலும் மருத்துவமனை தன் நோயாளர் குடும்பங்களுக்கு அறிவிக்க வேண்டியிருந்தது. ஏனெனில் எவரும் வாசிக்கவில்லை என்று உறுதிகூற அதனிடம் வழி இருக்கவில்லை. மறைகுறியாக்கம் இருந்திருந்தால் அது ஒரு கருவியின் இழப்பாக முடிந்திருக்கும்.

கட்டளை வந்தும் பாடம் எங்கும் பரவிவிடவில்லை. 2009 டிசம்பரில், ஸ்காபரோவுக்குக் கிழக்கே உள்ள டூரம் பிராந்தியத்தின் சுகாதாரத் திணைக்களத்தில், எச்1என்1 தடுப்பூசி பெற்ற 83,000இற்கும் மேற்பட்டோரின் விபரங்கள் அடங்கிய யூஎஸ்பி குச்சி ஒன்று தொலைந்தது. அதுவும் மறைகுறியாக்கம் செய்யப்படாதது. 2018 மே மாதத்தில், வடமேற்குப் பிரதேசங்களின் சுகாதாரத் திணைக்களத்துக்குரிய மடிக்கணினி ஒட்டாவாவில் வாகனமொன்றிலிருந்து களவு போனது. அதில் 30,000இற்கும் மேற்பட்டோரின் தகவல்; அப்பிரதேசத்தின் மொத்த மக்கள்தொகையே ஏறக்குறைய 44,000தான். அதற்கும் கடவுச்சொல் இருந்தது, மறைகுறியாக்கம் இருக்கவில்லை. அரச திணைக்களங்களுக்கே இந்தக் கதி என்றால், வீட்டுக் கணினியைக் கடையில் வாங்கியபடியே பாவிக்கும் குடும்பத்தைக் குறை கூறுவதற்கில்லை.

இங்கே இளையோர் ஒரு கேள்வி எழுப்புவர்: வன்தட்டைக் கழற்றத் தெரியாத திருடனாயின், பூட்டுத்திரை அவனை நிறுத்திவிடும் அல்லவா? பெரும்பாலும் நிறுத்தும். ஆனால் அந்த வாசலும் சில வேளைகளில் விசித்திரமான முறையில் திறந்துகொண்டதுண்டு. 2017 நவம்பரில் அப்பிள் நிறுவனத்தின் 'ஹை சியரா' இயங்குதளத்தில் ஒரு குறை வெளிப்பட்டது. பெயர் கேட்கும் இடத்தில் 'றூற்' என்று தட்டி, கடவுச்சொல்லை வெறுமையாக விட்டால், முழு அதிகாரத்துடன் உள்ளே நுழைய முடிந்தது. செய்தி பரவிய மறுநாளே அப்பிள் திருத்தம் வெளியிட்டது.

2021 ஜனவரியில் வெளிவந்தது இன்னும் சுவையானது. 'லினக்ஸ் மின்ற்' என்னும் இயங்குதளத்தைப் பாவிக்கும் தந்தை ஒருவரின் பிள்ளைகள், அப்பாவின் கணினியை உடைத்து உள்ளே போகிறோம் என்று விளையாட்டாகக் கூறி, விசைப்பலகையிலும் திரையிற் தோன்றும் விசைப்பலகையிலும் ஒரே நேரத்தில் கண்டபடி தட்டினார்கள். பூட்டுத்திரை நிரல் நிலைகுலைந்து விழுந்தது, மேசைத்திரை திறந்துகொண்டது. தற்செயல் என்று தந்தை நினைத்தார். பிள்ளைகள் இரண்டாம் முறையும் செய்து காட்டினார்கள். ஆராய்ந்தபோது, திரை விசைப்பலகையில் மேற்கோடிட்ட இலத்தீன் எழுத்தொன்றைத் தட்டினாலே நிரல் விழும் என்பது தெரியவந்தது. விரைவிலேயே திருத்தமும் வந்தது. நிபுணர் குழுக்கள் காணாததைச் சிறுவர் கண்டார்கள் என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இதில் ஓர் அமைப்புக் குறை உண்டு. பூட்டுத்திரை, திறந்து இயங்கிக்கொண்டிருக்கும் கணினியின் மேல் விரிக்கப்பட்ட திரைச்சீலை போன்றது; சீலை கழன்றால் பின்னால் அறை திறந்தே கிடக்கும். எக்ஸ்-ஸ்கிறீன்சேவர் என்னும் பழைய பூட்டு நிரலை எழுதிய ஜேமி சவின்ஸ்கி, பூட்டுத்திரைக்குள் அலங்காரங்களைச் சேர்க்கச் சேர்க்க அது விழுவதற்கான வழிகளும் பெருகும் என்று இதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தார்.

ஆக, வேண்டியது வேலி. அதன் பெயர் முழுத்தட்டு மறைகுறியாக்கம். வன்தட்டில் எழுதப்படும் ஒவ்வொரு தகவலும் சாவி இல்லாமல் வாசிக்கவியலாத குறிகளாக மாற்றப்பட்டே எழுதப்படும். தட்டைக் கழற்றி வேறு கணினியிற் போட்டால் அங்கே தெரிவது பொருளற்ற எண்களின் குவியல் மட்டுமே. சாவியோ கணினியின் உள்ளே உள்ள பாதுகாப்புச் சில்லிலோ, உரிமையாளரின் கடவுச்சொல்லிலோ, இரண்டின் சேர்க்கையிலோ தங்கியிருக்கும். இதற்குத் தனியாகப் பணம் கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டிய காலம் கடந்துவிட்டது. அப்பிளின் மக் கணினிகளில் அது 'பைல்வோல்ற்'. விண்டோசின் தொழில்முறைப் பதிப்பில் 'பிற்லொக்கர்'. வீட்டுப் பதிப்பில், இயந்திரம் இடமளித்தால், 'கருவி மறைகுறியாக்கம்' என்ற பெயரில் அதன் எளிய வடிவம். லினக்சை நிறுவும்போதே தட்டை மறைகுறியாக்கலாம். குறோம்புக் கணினிகளிற் பாவனையாளரின் கோப்புகள் இயல்பாகவே மறைகுறியாக்கப்படுகின்றன.

ஆனால், "புதுக் கணினிதானே, எல்லாம் தானாக இருக்கும்" என்று விட்டுவிடலாகாது. விண்டோஸ் 11இன் 2024ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவி மைக்ரோசொவ்ற் கணக்குடன் தொடங்கும்போது, மறைகுறியாக்கம் தானே இயங்கத் தொடங்குகிறது. அதற்கு முன்னர் வாங்கிய கணினி, பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்திய கணினி, தெரிந்தவர் ஒருவர் 'சுத்தமாக்கி'த் திரும்ப நிறுவிக் கொடுத்த கணினி ஆகியவற்றைத் திறந்து பார்த்தே அறிய வேண்டும். இணையக் கணக்கு இல்லாமல் உள்ளூர்க் கணக்கில் மட்டும் பாவிக்கப்படும் சில விண்டோஸ் கணினிகளில் இன்னொரு விந்தை உண்டு. தட்டு மறைகுறியாக்கப்பட்டிருக்கும், ஆனால் மீட்புச் சாவி ஓரிடத்திற் சேமிக்கப்படும்வரை, திறக்கும் சாவியும் அதே தட்டில் மறைப்பின்றிக் கிடக்கும். பூட்டைப் பூட்டிச் சாவியை அதிலேயே தொங்கவிட்ட கதைதான். விண்டோசிலும் மக்கிலும் அமைப்புகளுக்குள் சென்று, தனியுரிமையும் பாதுகாப்பும் என்ற பகுதியைத் திறந்தால், இயங்குகிறதா இல்லையா என்பது அங்கே எழுதியிருக்கும். வீட்டில் உள்ள பதினைந்து வயதுப் பிள்ளையிடம் இப்பணியை ஒப்படைத்தால் தேநீர் ஆறுவதற்குள் பார்த்துச் சொல்லிவிடுவார்.

மறைகுறியாக்கம் வந்தபின் பூட்டுத்திரையின் மதிப்பும் மாறுகிறது. இப்போது வேலியும் இருக்கிறது, படலையும் இருக்கிறது. ஆகவே படலையின் பூட்டுக்குப் பொருள் உண்டாகிறது. ஆயினும், உறக்க நிலையில் உள்ள கணினியும் முற்றாக அணைக்கப்பட்ட கணினியும் ஒன்றல்ல. உறக்கத்திற் சாவி நினைவகத்திலேயே தங்கியிருக்கும். 2008இல் அமெரிக்காவின் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மின்சாரம் நின்ற பின்னரும் நினைவகச் சில்லுகள் தம் உள்ளடக்கத்தை உடனே மறப்பதில்லை என்று காட்டினார்கள். குளிர்வித்தால் பல நிமிடங்கள் வரை தாங்கும். அதற்குள் சாவியை வாசித்துவிடலாம். 2024 பெப்ரவரியில் மற்றோர் ஆய்வாளர், பழைய மடிக்கணினி ஒன்றில், பத்து டொலருக்கும் குறைந்த ஒரு சிறு மின்பலகையைக் கொண்டு, பாதுகாப்புச் சில்லுக்கும் செயலிக்கும் இடையே செல்லும் பிற்லொக்கர் சாவியை 43 செக்கனில் ஒட்டுக்கேட்டுக் காட்டினார். பாதுகாப்புச் சில்லு செயலிக்குள்ளேயே அமைந்த புதிய கணினிகளில் அந்த வழி இல்லை.

இவற்றைக் கேட்டு அஞ்ச வேண்டுமா? வாகனக் கண்ணாடியை உடைத்துப் பையைத் தூக்கும் திருடன் குளிரூட்டும் புட்டியுடன் அலைவதில்லை. அவனுக்கு வேண்டியது அன்றிரவே கிடைக்கும் காசு. இந்த வழிகளை நாடக்கூடியவர், குறிப்பிட்ட ஒருவரின் தகவலையே குறிவைத்து வருபவர். ஊடகத்துறையிலோ மனித உரிமைப் பணியிலோ உள்ளவர்களும், பிறர் தந்த சாட்சியங்களை வைத்திருப்பவர்களும் இந்த வேறுபாட்டைக் கருத்திற் கொள்ள வேண்டும். மற்றவர்களுக்குச் சிறு பழக்கம் ஒன்று போதும்: வீட்டை விட்டுக் கணினி வெளியே போகும்போது மூடியை மட்டும் மூடாமல் முற்றாக அணைத்துவிடுதல்.

கடவுச்சொல் பற்றியும் சில கூற வேண்டும். பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும், ஊரின் பெயரும் வீட்டு இலக்கமும் தமிழ் வீடுகளில் அடிக்கடி காணப்படும் சேர்க்கைகள். குடும்பத்தின் முகநூற் பக்கத்தைப் பார்த்தவர் எவரும் ஊகிக்கலாம். திருக்குறளின் முதற் குறளை ஆங்கில எழுத்தில் தட்டுவதும் புத்திசாலித்தனமாகத் தோன்றும். ஆனால் அச்சில் உள்ள எதுவும் ஊகிப்போரின் பட்டியலிலும் இருக்கும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐந்தாறு சொற்களைக் குருட்டாம்போக்கில் தேர்ந்து கோப்பதே நல்லது. 1995இல் ஆர்னல்ட் றைன்ஹோல்ட் என்பவர் இதற்கென 7,776 சொற்களின் பட்டியலை அமைத்து, தாயக்கட்டையை உருட்டிச் சொற்களைத் தெரிவுசெய்யும் முறையை அறிமுகம் செய்தார். தாயம் விளையாடி வளர்ந்த தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சொற்கள் தமிழாகவே இருக்கலாம். எழுத்து மட்டும் ஆங்கிலமாக இருப்பது நல்லது. காரணம், பல கணினிகளில், தட்டைத் திறக்கச் சொல்லும் தொடக்கத் திரையில் தமிழ் விசைப்பலகை அமைப்பு ஏற்றப்பட்டிராது; தமிழ் எழுத்திற் கடவுச்சொல் வைத்தவர் தன் வீட்டு வாசலிலேயே நிற்க நேரிடும்.

வாசலில் நிற்க நேர்வது உண்மையான ஆபத்து. பழைய முறையிற் கடவுச்சொல்லை மறந்தவர் பழுதுபார்க்கும் கடைக்குப் போனார். மறைகுறியாக்கப்பட்ட தட்டுடன் போனால் கடைக்காரரும் கையை விரிப்பார். எனவே மீட்புச் சாவி இன்றியமையாதது. விண்டோசில் அது 48 இலக்கங்களைக் கொண்டது. பெரும்பாலும் மைக்ரோசொவ்ற் கணக்கிற் சேமிக்கப்பட்டிருக்கும். அதைத் தாளில் எழுதி, கணினிப் பைக்குள் அல்லாமல், காணி உறுதியும் கடவுச்சீட்டும் இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். குடும்பத்தில் இன்னொருவர் அந்த இடத்தை அறிந்திருக்க வேண்டும். எல்லாக் கணக்குகளையும் தந்தையே கவனித்து வந்த வீட்டில் அவர் திடீரென மறைந்துவிட்டால், இறுதிச் சடங்குக்கு வேண்டிய படத்தைக்கூட எடுக்க முடியாமற் போகும். திருடனுக்கு அஞ்சிக் கட்டிய வேலி, பிள்ளைகளைப் புறத்தே நிறுத்திவிடும்.

பிரதி எடுப்பதும் இதைச் சேர்ந்ததே. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களோடு, வேறெங்கும் பிரதியில்லாத ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. ஒற்றைப் பிரதியின் கதியைத் தமிழருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும், ஊரிலிருந்து கொண்டுவந்த படங்களை வருடிப் பதிந்த கோப்புகள் பல வீடுகளில் இன்னும் ஒரே மடிக்கணினியிற்றான் இருக்கின்றன. மறைகுறியாக்கம் திருடனை வாசிக்க விடாது. திருடியதைத் திருப்பித் தராது. வெளித்தட்டு ஒன்றிற் பிரதி எடுத்து, அதையும் மறைகுறியாக்கி, வேறொரு வீட்டில் வைத்தல் நன்று. மடிக்கணினியின் அதே பையில் வெளித்தட்டையும் காவிச் செல்பவர் திருடனின் வேலையை எளிதாக்குகிறார்.

கைத்தொலைபேசியின் நிலை வேறு. இன்றைய தொலைபேசிகள் தொடக்கத்திலிருந்தே மறைகுறியாக்கப்பட்டவை. அங்கே பலவீனம் ஆறிலக்கப் பூட்டெண். பொது இடத்தில் ஒருவர் எண்ணைத் தட்டுவதைத் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுப் பின்னர் ஐபோனைப் பறிக்கும் திருட்டுகள் அமெரிக்க நகரங்களில் நிகழ்வதை 2023இல் பத்திரிகைகள் வெளிப்படுத்தின. அதன் பின், 2024 ஜனவரியில், திருடப்பட்ட கருவிக்கான பாதுகாப்பு என்ற வசதியை அப்பிள் சேர்த்தது. அதை இயக்கி வைப்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

இறுதியாக, கணினி உண்மையிலேயே களவு போனால் செய்ய வேண்டியவை. வேறொரு கருவியிலிருந்து முதலில் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றி, ஏனைய கருவிகள் அனைத்தையும் கணக்கிலிருந்து வெளியேற்ற வேண்டும்; மற்றக் கணக்குகளின் கடவுச்சொற்கள் யாவும் மின்னஞ்சல் வழியாகவே மீட்கப்படுபவை, உலாவியில் திறந்தபடி விட்ட கணக்கோ கடவுச்சொல் கேட்காமலே திறக்கும். பின்னர் வங்கி, கனடா வருமான முகவரகக் கணக்கு, குடிவரவுக் கணக்கு. சமூகக் காப்புறுதி எண் தட்டில் இருந்து, தட்டு மறைகுறியாக்கப்படாமலும் இருந்தால், எக்குயிபக்ஸ், ட்ரான்ஸ்யூனியன் ஆகிய இரு கடன்மதிப்பு நிறுவனங்களிடமும் மோசடி எச்சரிக்கையைப் பதியச் சொல்லலாம். அகதிக் கோரிக்கை விபரமோ ஊரில் உள்ளவர்களின் பெயர்களோ அதில் இருந்திருந்தால், வழக்கறிஞருக்கும் அந்த உறவினருக்கும் தயங்காமல் அறிவிக்க வேண்டும். வெட்கப்பட்டு மறைப்பதால் ஆபத்து அவர்கள் தலையில்தான் விழும்.

யோர்க் பிராந்தியக் காவல்துறையிடம் முறையிடும்போது கணினியின் தொடரிலக்கம் கேட்கப்படும். அது அச்சிடப்பட்டிருப்பது கணினியின் அடிப்பக்கத்தில், களவு போன அதே கணினியில். ஆகவே இன்றிரவு வீடு சென்றதும் கணினியைத் திருப்பிப் பார்த்து, அந்த இலக்கத்தை மீட்புச் சாவி எழுதிய தாளிலேயே எழுதி வைக்கலாம்.